எக்ஸ்டென்ஷன் கை மாறும்போது: கணினி சர்வீஸ் செய்யும் இளைஞருக்கு



வீடு வீடாகப் போய்க் கணினி பார்த்துக்கொடுக்கும் தொழிலில் இறங்கியிருக்கிறீர்கள். "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, எங்கே தொட்டாலும் விளம்பரம்" என்று கூப்பிடுவார்கள். போய் பிரவுசரைத் திறந்தால் எக்ஸ்டென்ஷன்கள் வரிசையாக நிற்கும். கூப்பன் தேட ஒன்று, வீடியோ இறக்க ஒன்று, பிடிஎஃப் மாற்ற ஒன்று, எதற்கென்று அந்த வீட்டில் யாருக்குமே தெரியாதவை இன்னும் சில. அவற்றை என்ன செய்வது என்பதைப் பற்றியே இந்தக் கடிதம்.

'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற குரோம் எக்ஸ்டென்ஷனின் கதையிலிருந்து தொடங்கலாம். பயன்படுத்தாத டேப்களை உறங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்துவது அதன் வேலை. ரேம் குறைந்த கணினிகளுக்கு வரப்பிரசாதம். நிரல் முழுவதும் கிட்ஹப்பில் எல்லோரும் படிக்கத் திறந்து கிடந்தது. சுமார் 20 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். 2020 ஜூனில் அதை உருவாக்கியவர் விற்றுவிட்டு விலகினார். வாங்கியவர் யாரென்று வெளியே தெரியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த அப்டேட்டில், வெளி சர்வரிலிருந்து நிரலை வரவழைத்து ஓட்டும் வழி புகுத்தப்பட்டிருந்தது. கிட்ஹப்பில் அதன் சுவடே இல்லை. நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் எட்ஜ் பிரவுசரில் அதைத் தடுத்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தன் குரோம் கடையிலிருந்து எடுத்ததோடு, வைத்திருந்தவர்களின் கணினிகளிலும் முடக்கியது. உறங்க வைத்த டேப்களைத் தேடிப் பலர் திண்டாடினார்கள்.

2018-இல் அதை ஒரு வீட்டில் போட்டுக்கொடுத்த மெக்கானிக் எந்தத் தவறும் செய்யவில்லை. நல்ல பொருளைத்தான் போட்டார். நீங்கள் மனத்தில் வைக்க வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்: எக்ஸ்டென்ஷனைப் போடும் நாளில் அது நல்லதா என்று பார்த்தால் மட்டும் போதாது. அன்று கொடுத்த அனுமதி, நாளை அதை நடத்தப்போகிறவர் கைக்கும் போகும்.

"எல்லா வலைத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்று குரோம் கேட்கும் அந்த ஒரு வரியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வங்கித் தளத்தின் https என்ற பூட்டு, தகவல் வழியில் போகும்போதுதான் காக்கும். எக்ஸ்டென்ஷன் உட்கார்ந்திருப்பது பிரவுசருக்குள்ளேயே. பூட்டு திறந்து பக்கம் விரிந்த பிறகு அது படிக்கிறது. அப்டேட்டோ கேட்காமலே வரும். புதிய அனுமதி தேவைப்பட்டால்தான் குரோம் நிறுத்திக் கேட்கும். முதல் நாளே எல்லாத் தளங்களுக்கும் அனுமதி வாங்கிவிட்ட ஒன்றுக்கு அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

விற்றால்தான் கை மாறும் என்பதில்லை, திருடியும் மாற்றலாம். 2024 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், கூகுளிடமிருந்து வந்ததுபோல் இருந்த போலி மின்னஞ்சலை நம்பி அனுமதி கொடுத்துவிட்டார். அதை வைத்துத் திருடர்கள் அந்த நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனிலேயே தீய நிரலைச் சேர்த்து வெளியிட்டார்கள். சுமார் 4 லட்சம் பேர் பயன்படுத்திய எக்ஸ்டென்ஷன் அது. லாகின் செய்த நிலையைக் காட்டும் குக்கிகளே குறி. குக்கி போய்விட்டால் பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்காமலே உள்ளே நுழைய முடியும். பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இது நேர்ந்தது.

வீட்டுக் கணினிக்கு இன்னும் நெருக்கமானது 2019-இல் சாம் ஜடாலி என்ற ஆய்வாளர் வெளிக்கொண்டுவந்த 'டேட்டாஸ்பை' விவகாரம். படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் 'ஹோவர் ஜூம்' உட்பட எட்டு எக்ஸ்டென்ஷன்கள், சுமார் 40 லட்சம் பேர் திறந்த பக்கங்களின் முகவரிகளைச் சேகரித்து அனுப்பிக்கொண்டிருந்தன. வரிக் கணக்குகள், பயண விவரங்கள், வீட்டுக் கேமரா பதிவுகள் வரை அந்த இணைப்புகள் வழியே பார்க்க முடிந்தது. அவற்றில் சில, போட்ட உடனே வேலையைத் தொடங்கவில்லை. சில வாரங்கள் சும்மா இருந்த பிறகே தொடங்கின. நீங்கள் போட்டுச் சோதித்துக் கிளம்பிய அன்று எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே, கூட்டுவதைவிடக் கழிப்பதையே உங்கள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் காட்டி, "இதை யார் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இல்லாதவை போகட்டும். தங்குபவற்றுக்கு, தள அணுகலை 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று மாற்றுங்கள்; பலவற்றுக்கு அதுவே போதும். வங்கி வேலைக்குத் தனி புரொஃபைல் ஒன்று திறந்து, அதில் எக்ஸ்டென்ஷனே இல்லாமல் விடுங்கள். பிள்ளைகள் அப்பாவின் கூகுள் கணக்கிலேயே விளையாடுகிறார்களா என்றும் பாருங்கள். சிங்க் போட்டிருந்தால், இங்கே ஏற்றியது அவருடைய அலுவலக லேப்டாப்பிலும் வந்து உட்காரும்.

விளம்பரத் தடுப்பான் ஒன்று பெரும்பாலான வீடுகளுக்குத் தேவைதான். அதைத் தயங்காமல் போடுங்கள். பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். 2017-இல் 'ஆட்பிளாக் பிளஸ்' என்ற பெயரிலேயே ஒரு போலி குரோம் கடைக்குள் நுழைந்து 37,000 பேரை ஏமாற்றியது. தயாரித்தவரின் சொந்தத் தளத்தில் உள்ள இணைப்பு வழியாகவே போங்கள். ஃபயர்ஃபாக்ஸ் என்றால், மொஸில்லாவின் 'பரிந்துரைக்கப்பட்டவை' பட்டியலில் இருப்பதை எடுங்கள். அவற்றின் பாதுகாப்பை அங்குள்ளவர்களே பரிசோதிக்கிறார்கள்.

கெட்டது ஒன்று கையில் சிக்கினால், நீக்கிவிட்டுக் கிளம்பாதீர்கள். வேறொரு கருவியிலிருந்து, முதலில் மின்னஞ்சல் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள், பிறகு வங்கி, பிறகு மற்றவை. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்தினால்தான் திருடப்பட்ட குக்கிகள் செல்லாமல் போகும். இந்த வேலைக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அதற்கான கூலியை முன்கூட்டியே பேசிவிட்டுத் தொடங்குங்கள்.