பூகம்பமும் ஜீர்ணோத்தாரணமும்

பூமிப்பிராட்டியின் அம்சமாக ஸ்ரீ ஆண்டாள் திருவவதரித்த திவ்யதேசம் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே வடபத்ரசாயிப் பெருமாள் ஸந்நிதியின் இராஜகோபுரம் 11 நிலைகளுடன் 190 அடிக்கும் மேல் ஓங்கி நிற்கிறது. ஆடிப்பூரத் திருத்தேர் நாளில் ஆயிரமாயிரம் அன்பர்கள் அதன் நிழலில் கூடுகின்றனர். கோபுரத்தை அண்ணாந்து நோக்கிக் கைகூப்புவோர் பலர். அது எவ்வாறு நிற்கிறது, நிலம் நடுங்கினால் என்னாகும் என்று எண்ணுவோர் சிலரே. ஆலயத்தைக் கட்டுவது ஒரு புண்ணியம் என்றால், கட்டியதைச் சிதையாமல் காப்பது அதனினும் பெரிய பொறுப்பு அன்றோ?

முன்னோர் கண்ட நிலப் பரீக்ஷை

பூகம்பம் பாரத தேசத்து அறிஞர்க்குப் புதிய செய்தி அன்று. 6-ஆம் நூற்றாண்டினரான வராஹமிஹிரர் தமது ப்ருஹத் ஸம்ஹிதையில் பூகம்ப லக்ஷணத்திற்கென்றே ஓர் அத்தியாயம் வகுத்துள்ளார். அதில் கூறப்படும் காரணங்கள் இன்றைய விஞ்ஞானம் கூறுவனவற்றின் வேறானவை. ஆயினும் வீடு கட்டும் நிலத்தைச் சோதிக்க அந்நூல் உரைக்கும் முறை இன்றும் சிந்தைக்குரியது. ஒரு முழம் ஆழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் இட்டு நிரப்புக. மண் மிஞ்சினால் உத்தமம், சமமாயின் மத்யமம், குறைந்தால் அதமம். இறுகிய நிலத்தின் மண்ணே தோண்டியபின் மிஞ்சும். பொளபொளத்த நிலத்தின் மண் குறைந்துபோகும். பாரத்தைத் தாங்கும் வலிமையை அறியும் எளிய வழி இது.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் பரந்து கிடக்கும் கரிசல் நிலத்திற்கு இந்தக் கவனம் மிகவும் தேவை. கரிசல் மண் மழைக்காலத்தில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். வீட்டுச் சுவரில் ஆண்டுதோறும் தோன்றும் பிளவுகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இத்தகைய நிலத்திற்கென்றே, அடியில் குடம்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை ஆழ இறக்கும் அஸ்திவார முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்தளித்தது. ஏற்கெனவே பிளந்த சுவர் சிறு அதிர்ச்சியையும் தாங்காது.

தேர் உணர்த்தும் பாடம்

நிலம் நடுங்கும்போது கட்டடத்திற்கு நேர்வது யாது? வடம் பிடித்தவுடன் தேர் திடீரென்று நகர்கிறது. சக்கரம் முன்னே செல்ல, மேலிருக்கும் அலங்காரமும் கலசமும் ஒரு கணம் பின்தங்கி அசைகின்றன. பூகம்பத்திலும் அஸ்திவாரம் நிலத்தோடு நகர்கிறது. மேற்பாரம் நகர மறுக்கிறது. பாரம் மிகுந்தால் இழுப்பும் மிகும். தேரின் அடிப்பாகம் கனத்த மரத்தால் அமைந்திருப்பதையும், மேற்பாகம் மூங்கிலும் துணியுமாய் இலேசாக இருப்பதையும், அனைத்தும் கயிற்றால் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதையும் காண்க. அடி கனத்தல், முடி இலேசாதல், எல்லாம் ஒன்றாய்ப் பிணைதல் என்னும் இம்மூன்றுமே பூகம்பக் காப்பின் சாரம்.

கோபுரத்திலும் இந்நெறியே காணப்படும். கீழே கல்காரம், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, உள்ளே கூடாய், நிலைதோறும் குறுகிச் செல்லும் அமைப்பு. கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து சிமெண்டைப் போல் விறைத்து நிற்பதன்று, சிறிது விட்டுக்கொடுக்கும்.

நடந்தவை கூறும் எச்சரிக்கை

திவ்யதேசங்களுள் வடகோடியிலுள்ள பதரிகாச்ரமத்து ஆலயம் 1803-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் பெரிதும் சேதமுற்று, பின்னர் ஜயபுரி மன்னரால் புதுப்பிக்கப்பட்டது. 2015 ஏப்ரல் 25-ல் நேபாளம் நடுங்கியபோது புகழ்பெற்ற சாங்கு நாராயணர் ஆலயமும் பழுதுற்றது. ஆனால் பக்தபூரில் 1702-ல் எழுந்த ஐந்தடுக்கு ந்யாதபோலா ஆலயம் 1934-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தையும் 2015-ஆம் ஆண்டினதையும் தாங்கி நின்றது. படிப்படியாய் அகன்ற அதிஷ்டானம், நாற்புறமும் ஒத்த அமைப்பு, செங்கல்லோடு பிணைந்த மரவேலை ஆகியவை அதன் பலங்கள்.

“அவை இமயத்தின் செய்திகள், தென்னாட்டிற்கு அச்சமில்லை” என்பார் உளர். 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தோன்றிய பூகம்பம் தென்னாடெங்கும் உணரப்பட்டது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மராட்டிய நாட்டின் லாத்தூர், கில்லாரிப் பகுதி குலுங்கிற்று. விநாயகர் திருவுருவங்களை நீரில் கரைத்துவிட்டு மக்கள் அயர்ந்து உறங்கிய வேளை அது. ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். அக்காலத்து வரைபடத்தில் அபாயம் மிகக் குறைந்த மண்டலமாகக் குறிக்கப்பட்டிருந்த பகுதி அது! அங்குக் கல்வீடுகளின் சுவர் இருமுகமாக எழுப்பப்பட்டு, நடுவே சல்லியும் மண்ணும் நிரப்பப்பட்டிருந்தது. இரு முகங்களையும் இணைக்கும் நீளக்கற்கள் இல்லாமையால் சுவர் இரண்டாகப் பிளந்தது. மேலிருந்த கனத்த மண்கூரை உறங்கியோர்மீது இறங்கிற்று. 2002-ல் வெளிவந்த வரைபடம் மதுரை முதலிய நகரங்களைக் குறைந்த மண்டலத்தில் சேர்த்தது. குறைந்த அபாயம் என்பது அபாயமின்மை ஆகாது என்பதே லாத்தூர் கற்பித்த பாடம்.

ஜீர்ணோத்தாரணத்தில் கவனிக்கத்தக்கவை

பாலாலயம் செய்து திருப்பணி தொடங்கும்போது முதலில் நாட வேண்டியது வர்ணம் அன்று, நோயின் காரணம். பிளவின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதி வைத்தால், பிளவு வளர்கிறதா என்பது விளங்கிவிடும். கண்ணாடி உடைந்தால் பிளவு உயிரோடு இருக்கிறது. பூசி மறைப்பது பயன் தராது.

கோபுரத்தில் முளைக்கும் அரசும் ஆலும் சிறு கன்றாக இருக்கும்போதே வேரோடு நீக்கத்தக்கவை. பெருத்த வேரை வெட்டி இழுத்தால் சாந்தும் செங்கல்லும் உடன் பெயரும். மண்டபத் தளத்தில் ஒழுகல் கண்டபோதெல்லாம் பழைய தளத்தின்மேல் புதிய தளம் போடுவது வழக்கமாயிற்று. இவ்வாறு ஏறும் பாரமே பூகம்பத்தில் பகையாகும். பழையதை நீக்கிய பின்னரே புதியது இடுதல் நன்று. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சு இட்டால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரை அரிக்கும். உள்வெடிப்புகளில் சுண்ணாம்புக் கரைசலைச் செலுத்தி நிரப்புவதே பொருத்தம்.

கல்மண்டபத்தில் தூணின்மேல் போதிகையும், போதிகையின்மேல் உத்தரமும் தம் பாரத்தாலேயே அமர்ந்துள்ளன. அதிர்ச்சியில் உத்தரம் இருக்கையைவிட்டு நழுவுவதே அபாயம். முற்காலத்திலும் இடைக்காலத்திலும் இட்ட இரும்புப் பட்டைகள் துருவேறிப் பருத்துக் கல்லையே பிளக்கும். துருப்பிடிக்காத எஃகு முளைகளே தக்கவை. ஸ்தபதியும் கட்டடப் பொறியாளரும் கூடி ஆய்ந்தே எதனையும் செய்தல் வேண்டும்.

இல்லங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும்

2001 ஜனவரி 26-ல் கட்ச்சுப் பகுதியில் பூகம்பம் நேர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சில சரிந்தன. அவற்றுள் பல, வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்களில் மட்டும் நிறுத்தியவை. கீழே கடைகளுக்காகத் திறந்துவிட்டு மேலே மாடிகளை அடுக்குவோர் இதனை மறத்தலாகாது.

சுவர்வீட்டிற்குச் செலவு குறைந்த காப்பு ‘பெல்ட்’ எனப்படும் கான்கிரீட் பட்டையாகும். கடைக்கால் மட்டத்திலும், வாசல் ஜன்னல்களின் மேல்மட்டத்திலும், கூரையடியிலும் அது எல்லாச் சுவர்களையும் சுற்றி இடையறாமல் ஓடுதல் வேண்டும். வாசலை மூலையை ஒட்டி வைக்கலாகாது. தூணின் ரிங் கம்பிகளின் முனையை உள்நோக்கி வளைத்தல் வேண்டும். பழைய வீட்டிற்கும் வழி உண்டு. சுவரின் இருபுறமும் கம்பிவலைப் பட்டை வைத்து, துளையிட்டுக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்துச் சாந்து பூசினால் அதுவே பெல்ட்டாகும்.

சிவகாசிப் பட்டாசுத் தொழிற்கூடங்களில் அறைகளைச் சிறிதாகவும் தனித்தனியாகவும் இடைவெளி விட்டும் அமைப்பது, ஓர் அறையின் கேடு அடுத்ததைத் தொடாமைக்கே. நெருங்கிய கடைவீதிகளிலும் இடைவெளி இன்றேல் நிலநடுக்கத்தில் கட்டடங்கள் ஒன்றோடொன்று மோதும். உராய்வாலேயே தீப்பற்றும் சரக்கை உயர அடுக்குவதும், சாயக்கூடிய அலமாரியில் வைப்பதும் ஆபத்தை இருமடங்காக்கும்.

காணாத கைங்கர்யம்

விளக்குக்கும் வர்ணத்திற்கும் பொருள் உதவுவோர் பலர். அஸ்திவாரத்தில் நீர் தேங்காமல் வடிகால் அமைக்கவும், நழுவிய உத்தரத்தை நிலைநிறுத்தவும் முன்வருவோர் சிலர். சுவருக்குள் மறையும் முளையில் உபயதாரர் பெயர் பொறிக்க இடமில்லை. ஆயினும் நிலம் நடுங்கும் ஒரு நாளில் கோபுரத்தடியில் நிற்கும் குழந்தையைக் காப்பது அந்தக் காணாத கைங்கர்யமே. பூமிப்பிராட்டி பொறுமையின் வடிவம். அவள்மேல் எழுப்பும் கட்டடத்தை நேர்மையாக எழுப்புதல் மக்களின் கடமை.

சுபம்.