நீரிழிவும் செரிமானக் குறைவும்

நீரிழிவு நோயாளி ஒருவர் மெலிந்துவிட்டால், சர்க்கரை அவரை உருக்கிவிட்டது என்று ஊரார் கூறி அமைவர். எப்போதும் அது முழு உண்மையன்று. உண்ட உணவு செரியாமற் போவதாலும் உடல் மெலியக்கூடும்.

இரைப்பைக்குப் பின்புறம், சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் கணையம் என்னும் சுரப்பி அமைந்துள்ளது. அதற்குத் தொழில்கள் இரண்டு. இன்சுலினை இரத்தத்தில் கலப்பது ஒன்று. நாள்தோறும் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட செரிமான நீரைச் சிறுகுடலுக்கு அனுப்புவது மற்றொன்று. ஒரே கிணறு இரு வயல்களுக்குப் பாய்வது போன்றது இது. கிணறு தூர்ந்தால் இரண்டு வயல்களும் வாடும்.

தென்னிந்தியாவில் காணப்படும் கணையக் கல் நோய் இதற்குச் சான்றாகும். இளமையில் அடிக்கடி மேல்வயிற்று வலி தோன்றும். பின்னர் நீரிழிவு வரும். கணையக் குழாயில் சுண்ணாம்புக் கற்கள் படியும். இந்தோனேசியாவில் இத்தகைய நோயாளிகளை மருத்துவர் சூய்டமா 1959-ஆம் ஆண்டில் விவரித்தார். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் பலரை ஆராய்ந்து எழுதினார். மரவள்ளிக்கிழங்கே காரணமென ஒரு காலத்தில் ஐயுற்றனர், அது மெய்ப்பிக்கப்படவில்லை. மரபணு மாறுதல்களுக்கும் பங்குண்டு என்று பின்னர் தெரியவந்தது.

செரிமான நீர் மிகக் குறைந்தால் கொழுப்புச் செரியாது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையுடன், மிகுந்த நாற்றத்தோடு கழியும். வயிறு உப்பும், எடை குறையும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலிற் சேரா. ஆயினும் வயிற்றுப்போக்கு அனைத்திற்கும் கணையமே காரணம் எனக் கொள்ளலாகாது. மெட்ஃபார்மின் மாத்திரையாலும் அது நேரலாம். ஆதலின் மருந்தைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மலத்தில் எலாஸ்டேஸ் என்னும் நொதியின் அளவைச் சோதித்தும், வயிற்றை ஸ்கேன் செய்தும் உண்மையை அறியலாம்.

இக்குறைக்குக் கணைய நொதி மாத்திரைகள் உள்ளன. அவற்றை உணவுடன் சேர்த்தே உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் உட்கொண்டால் பயனில்லை. உணவு நன்கு செரிக்கத் தொடங்கியதும் இன்சுலின் தேவை மாறக்கூடும். ஆகவே இரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துவருதல் இன்றியமையாதது. மது, புகையிலை இரண்டையும் அறவே விலக்குக. கொழுப்பை முற்றும் ஒதுக்குதல் வேண்டா. அது மெலிவையே மிகுவிக்கும்.

ஊராட்சி உறுப்பினர்களே! நீரிழிவுக்கு முறையாக மருந்துண்டும் மெலிந்துகொண்டே செல்வோர் உங்கள் ஊரில் இருப்பின், அவர்களிடம் மலத்தின் தன்மையைக் கூச்சமின்றி விசாரியுங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வாயிலாக அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புங்கள். கேட்கக் கூசும் அவ்வொரு கேள்வியே ஓர் உழவரை மீண்டும் வயலில் இறங்கச் செய்யலாம்.