அப்டேட் ஏறாத டேப்லெட்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. துபாயில் இருக்கும் மகன் சில வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்தபோது எனக்கு ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட் கொண்டுவந்து கொடுத்தான். மூன்று வாரமாக அதில் ‘சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருக்கிறது’ என்று அறிவிப்பு வருகிறது. அழுத்தினால் இறங்குகிறது, அணைந்து மறுபடி எழுகிறது. பிறகு பச்சைப் பொம்மை ஒன்று மல்லாந்து விழுந்து, வயிற்றின் மேல் சிவப்பு முக்கோணத்துடன் கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் பழையபடி திரை வந்து ‘நிறுவ முடியவில்லை’ என்கிறது. ஐந்தாறு தடவை முயன்றுவிட்டேன். கடைத்தெருவில் காட்டினால், “சாஃப்ட்வேர் போயிடுச்சும்மா, ஃப்ளாஷ் போடணும், உள்ளே இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும்” என்கிறார் அந்தத் தம்பி. பேத்தி பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வங்கிக் கணக்கையும் அதில்தான் பார்க்கிறேன். வைரஸ் ஏதும் புகுந்திருக்குமோ? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.
— மீ.சு., காரைக்குடி

பதில்: அம்மா, டேப்லெட்டைக் கடையில் விடாமல் திரும்பக் கொண்டுவந்தீர்களே, அதுவே பாதிக் காரியம். உங்கள் பேத்தியின் படங்களுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. வைரஸுக்கான அடையாளம் எதுவும் நீங்கள் எழுதியதில் தெரியவில்லை. ‘சாஃப்ட்வேர் போய்விட்டது’ என்பதும் சரியல்ல. போயிருந்தால் அந்தப் பொம்மைக்குப் பிறகு பழைய திரை எழுந்து வந்திருக்காது.

அந்தப் பொம்மை விழுந்து கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும்தான். ஆண்ட்ராய்டின் சின்னத்தையே செத்துக் கிடப்பதுபோல் வரைந்து வைத்தவர் எந்தப் பாட்டியையும் மனதில் வைத்து வரைந்திருக்க மாட்டார். அது சொல்வதெல்லாம் ‘இந்த வேலையை நான் செய்யவில்லை’ என்பது மட்டுமே. உங்களுடையது போன்ற டேப்லெட்டில் அப்டேட் ஏறுவது வழக்கமான திரையில் அல்ல. ரிகவரி (பழுது பார்ப்பதற்கென்று ஒதுக்கியிருக்கும் தனிச் சிறு அமைப்பு) என்ற ஒன்றுக்குள் போய்த்தான் ஏறும். அது எழுதத் தொடங்குமுன் சிலவற்றைச் சரிபார்க்கும். வந்திருப்பது நிறுவனத்தின் மின்கையொப்பம் (வேறு யாரும் போட முடியாத கணித முத்திரை) உள்ள கோப்புதானா? கோப்பு முழுசாக வந்திருக்கிறதா? இப்போதிருக்கும் மென்பொருளோடு பொருந்துகிறதா? பிரித்துப் போட இடம் இருக்கிறதா? ஒன்று தவறினாலும் கையை எடுத்துவிடும். பாதியில் நின்றதாக உங்களுக்குத் தோன்றியது பெரும்பாலும் தொடங்குமுன் நின்றதுதான்.

ஏன் நிற்கிறது? உங்கள் வயதில் உள்ளவர்களின் டேப்லெட்டுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இடத்தைத்தான். பெட்டியில் 32 ஜிபி என்று போட்டிருக்கும். ஆண்ட்ராய்டும் நிறுவனம் ஏற்றிவைத்த செயலிகளும் அதில் கணிசமாக எடுத்துக்கொண்டபின் மிச்சம்தான் உங்களுக்கு. மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் என்றால் சில நூறு எம்பி. ஆண்ட்ராய்டின் பதிப்பே மாறுகிறது என்றால் ஒன்றிரண்டு ஜிபிகூட ஆகும். இறங்குவதற்கு மட்டும் இடம் இருந்தால் போதாது, பிரித்து வைத்து வேலை செய்யவும் வேண்டும். அதனால்தான் இறங்கும்போது பேசாமல் இருந்துவிட்டு ஏறும்போது மறுக்கிறது. சில டேப்லெட்டுகள் ‘இடம் போதவில்லை’ என்று நேராகச் சொல்லும். சிலவற்றுக்கு ‘முடியவில்லை’ என்ற ஒரே வார்த்தைதான் தெரியும். ஐந்தாறு ஜிபி காலியாக இருந்தால் கவலையில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டு போட்டிருக்கிறேனே என்பீர்கள். இந்தக் கணக்கில் அது சேராது. தானாக வரும் அப்டேட் உள்நினைவகத்தில்தான் இறங்கும்.

அடுத்த காரணம், கோப்பு வழியிலேயே சிதைவது. மின்சாரம் போய் வைஃபை மோடம் அணைந்து எழும் வீடுகளில் இது நடக்கும். சிதைந்த கோப்பை அழிக்காமல் அதே கோப்பை ஐந்தாறு தடவை ஏற்ற முயன்றால் ஐந்தாறு தடவையும் பொம்மை விழத்தான் செய்யும். தேதியையும் பாருங்கள். சார்ஜ் முற்றிலும் தீர்ந்து பல நாள் கிடந்த டேப்லெட்டில் சில சமயம் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தப்பாக இருந்தால் நிறுவனத்தின் கணினியோடு பாதுகாப்பான இணைப்பே கிடைக்காது. ஆனால் உங்களுக்குத்தான் கோப்பு இறங்கிவிடுகிறதே, ஆகவே இதற்கு வாய்ப்புக் குறைவு. பார்ப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும் என்பதால் சொன்னேன்.

இன்னொரு காரணம் இருக்கிறது. இதை நீங்கள் யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அப்டேட் என்பது பெரும்பாலும் முழு மென்பொருள் அல்ல. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பாடநூலோடு வரும் பிழைதிருத்தத் தாளை நினைத்துப் பாருங்கள். ‘45ஆம் பக்கம், 3ஆம் வரி’ என்று அதில் இருப்பது, உங்கள் கையில் அதே பதிப்பு இருந்தால்தான் பொருந்தும். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5இலிருந்து இந்தச் சரிபார்ப்பு இன்னும் கறாரானது. கோப்பு கோப்பாகப் பார்க்காமல், மென்பொருள் இருக்கும் பகுதி முழுவதையும் ஒரே துண்டாக எடுத்து ஒப்பிடுகிறது. யாராவது ‘ரூட்’ (பூட்டிய மென்பொருளைத் திறந்து உள்ளே மாற்றுவது) செய்திருந்தால், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அப்டேட் ஏறாது. உங்கள் மகனோ, பழுது பார்த்த வேறு யாரோ அப்படிச் செய்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். துபாயில் வாங்கியதாலா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கலாம். அது காரணமில்லை. அந்த மாடலுக்கு உரிய அப்டேட் நிறுவனத்திடமிருந்து உலகின் எந்த ஊருக்கும் வரும், நாட்டுக்கு நாடு நாள்தான் முன்பின்னாகும்.

இனிச் செய்ய வேண்டியது. அப்டேட்டை மறந்துவிட்டு முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள். டேப்லெட்டை யுஎஸ்பி ஒயரால் ஒரு கணினியில் இணைத்து, படங்கள் உள்ள கோப்புறையை அப்படியே நகலெடுக்கச் சொல்லுங்கள். கணினி இல்லையென்றால், டேப்லெட்டில் நேராகச் செருகும் பென்டிரைவ் கடைகளில் கிடைக்கிறது. கூகுள் போட்டோஸில் ஏற்றுவதும் நல்லதுதான். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் உங்கள் மின்னஞ்சலும் சேர்த்தி. 2021 ஜூன் முதல் ஏற்றிய படங்கள் எல்லாமே அந்தக் கணக்கில் வருகின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை: கூகுள் போட்டோஸில் ஏற்றியாகிவிட்டதே என்று அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு படத்தை அழித்தால், மேலே ஏற்றிய பிரதியும் சேர்ந்து போகும். டேப்லெட்டில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதிலேயே இருக்கும் ‘இடத்தைக் காலியாக்கு’ என்ற வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். ஏற்றி முடித்தவற்றை மட்டும்தான் அது நீக்கும்.

படங்களின் நகல் கைக்கு வந்தபின் இடத்தைக் காலி செய்யுங்கள். பேத்தியின் படத்தில் கை வைக்கத் தேவையே இருக்காது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘சேமிப்பகத்தை நிர்வகி’ என்ற இடத்துக்குப் போனால், எந்தக் குழு எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். காலை வணக்கப் பூங்கொத்துகளும், பத்துப் பேர் பத்து முறை அனுப்பிய ஒரே வீடியோவும் அங்கே பல ஜிபிக்குக் குவிந்திருக்கும். தயவு தாட்சண்யம் வேண்டாம், அழித்துவிடுங்கள். பலர் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். கேலரியிலிருந்து நீங்கள் அழித்த படமும் வீடியோவும் உடனே போய்விடுவதில்லை. கேலரியின் குப்பைத் தொட்டியில் ஒரு மாதம் கிடக்கும். கூகுள் போட்டோஸில் மேலே ஏற்றியதென்றால் 60 நாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். ஆனால் அதைக் காலி செய்யுமுன் உள்ளே ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள்.

பிறகு டேப்லெட்டை அணைத்துப் போடுங்கள். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், ஒயரும் செருகியே இருக்கட்டும். தேதியும் நேரமும் ‘தானியங்கி’யில் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் செயலிகள் பட்டியலுக்குப் போய், சிஸ்டம் செயலிகளையும் காட்டச் செய்து, சாஃப்ட்வேர் அப்டேட் என்ற பெயரில் ஒன்று இருந்தால் அதன் கேஷை (தற்காலிகக் கோப்புகளை) அழியுங்கள். இறங்கிக் கிடக்கும் கெட்ட கோப்பு பெரும்பாலும் அதோடு போய்விடும். அப்புறம் வீட்டு வைஃபையில், கைபேசி ஹாட்ஸ்பாட்டில் அல்ல, புதிதாக இறக்கி ஏற்றுங்கள். இரவு படுக்கப்போகும் நேரம் இதற்குத் தோது. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இதற்கும் மசியவில்லை என்றால் ரிகவரி திரையில் ‘வைப் கேஷ் பார்ட்டிஷன்’ என்று ஒரு வழி இருக்கிறது. தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் பகுதியை மட்டும் அது துடைக்கும், படங்களைத் தொடாது. புதிய மாடல்கள் பலவற்றில் அந்தப் பகுதியே கிடையாது. உங்களுடையதில் இருந்தாலும் நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம் என்பேன். அந்தத் திரையில் விரல் வேலை செய்யாது. ஒலி கூட்டும் குறைக்கும் பொத்தானால் வரி வரியாக நகர்ந்து, பவர் பொத்தானால் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்து பொடிப்பொடியாக, ஆங்கிலத்தில் இருக்கும். இந்த வரிக்கு நேர் மேல் வரியில் இருப்பது ‘வைப் டேட்டா / ஃபேக்டரி ரீசெட்’. அதை அழுத்தி, கேட்கும் கேள்விக்கும் ‘யெஸ்’ சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று. ஒரு வரி தவறுவதில்தான் இருக்கிறது. கண்ணாடி போட்ட எனக்கே அங்கே விரல் தயங்கும். மகன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்துச் செய்யுங்கள்.

ரீசெட்டைப் பற்றி இவ்வளவு பயமுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கணினியில் அழித்த படத்தை மீட்பதுபோல இதில் மீட்க முடியாது. இன்றைய ஆண்ட்ராய்டில் உங்கள் தகவல்கள் எல்லாம் மறைகுறியாக்கித்தான் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றித்தான்) வைக்கப்பட்டிருக்கின்றன. ரீசெட் செய்ததும் அந்தச் சாவி அழிகிறது. ‘ரீசெட் ஆனாலும் எடுத்துத் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். இன்னொன்று, 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் திருட்டைத் தடுக்க ஒரு பூட்டு உண்டு. ரிகவரி வழியாக ரீசெட் செய்தால், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும், சொல்லாவிட்டால் உள்ளே விடாது. மகன் துபாயில் ஒரு மாலையில் உட்கார்ந்து திறந்து கொடுத்த கணக்கு, கடவுச்சொல் அவருக்கே நினைவில்லை, இங்கே அம்மா கையில் திறக்காத கண்ணாடிப் பலகை. இந்தக் கதையோடு எனக்கு வரும் கடிதங்கள் கொஞ்சமல்ல.

கடைக்காரத் தம்பியை ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். ஃப்ளாஷ் என்பது கணினி வழியாக முழு மென்பொருளையும் புதிதாக எழுதுவது. அது உண்மையான வேலைதான், கடைசியில் உங்களுக்கு அதுதான் தேவைப்படவும் கூடும். ஆனால் சில மாடல்களில் தகவல்களை அழிக்காமலே எழுத வழி இருக்கிறது. அதைக் கேளுங்கள். எந்தத் தளத்திலிருந்து மென்பொருளை எடுக்கிறார் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே போய்விடலாம்.

மூன்று வாரம் தாமதமானதால் வங்கிக் கணக்குக்கு ஆபத்தா என்றால், உடனடி ஆபத்து இல்லை. மாதக்கணக்கில் அப்படியே விடுவதுதான் தவறு. அவசரப்பட்டு ஏற்றியவர்களும் பட்டிருக்கிறார்கள். 2013 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டுக்கு விட்ட 8.1 அப்டேட்டைச் சில கருவிகள் எழாமல் போனதால் ஓரிரு நாளிலேயே நிறுத்தி, பிறகு சரிசெய்து விட்டது. 2024 செப்டம்பரில் ஆப்பிளும் எம்4 ஐபேட் ப்ரோவுக்கான ஐபேட்ஓஎஸ் 18ஐ இதே காரணத்துக்காகத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. உங்களுக்கு நிஜமாக ஆபத்து வரக்கூடிய இடம் வேறு. ‘அப்டேட் ஏறவில்லையா, இதை அழுத்துங்கள்’ என்று குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ ஏபிகே (செயலியை நேராக நிறுவும் கோப்பு) ஏதாவது வந்தால் தொடாதீர்கள், வங்கியின் பெயரில் வந்தாலும் சரி. உண்மையான அப்டேட் செட்டிங்ஸ் வழியாக மட்டுமே வரும்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்படி ஆனால், செட்டிங்ஸின் கடைசியில் ‘டேப்லெட்டைப் பற்றி’ என்ற பக்கத்தில் உள்ள மாடல் எண்ணையும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பொம்மை விழும்போது கீழே ஏதாவது எழுத்து வந்தால் அதையும் இன்னொரு கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘டேட்டா அழியக் கூடாது’ என்று அவர்கள் கொடுக்கும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் அதுவரை தள்ளிப்போடாதீர்கள். இன்று இரவு மகன் கூப்பிடும்போதே கேட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.