ஆயில் தானாக ஏறாது

நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜூன் பிறந்து சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்துக்கு பைக்குகள் வரிசை கட்டும். ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் சரிவான சாலையோரங்களில் சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போகிறவர்களில், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுப் போகிறவர் அரிது. கடையநல்லூர்ப் பக்கமோ, வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவரின் வண்டி அடுத்த விடுமுறை வரை வாசலிலேயே நிற்கும். இரண்டு இடத்திலும் ஒரே கோளாறு தலைகாட்டலாம்: டேங்க் பெட்ரோல் மெல்லக் கசிந்து கிராங்க்கேஸுக்குள் இறங்கி, இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடுவது. இதைப் பற்றி உலவும் பேச்சுகளில் எது சரி, எது தப்பு?

நம்பிக்கை: ஆயில் அளவு கூடியிருந்தால் மழைத்தண்ணீர் புகுந்திருக்கும்.

உண்மை: தண்ணீர் கலந்த ஆயில் வெளுத்துக் குழம்பிவிடும். பெட்ரோல் கலந்தால் நிறம் பெரிதாக மாறாது. ஆயில் நீர்த்துப்போய், அளவு பார்க்கும் ஸ்டிக்கில் நிற்காமல் வழியும், பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கும். செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: நடுவில் ஆயில் கறை, அதைச் சுற்றி மெல்லிய ஈர வளையம் வேகமாகப் பரவினால் சந்தேகம் வலுக்கும். தீக்குச்சி உரசிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். எப்படியும், யாரும் ஊற்றாமல் ஆயில் அளவு ஏறியிருந்தால் வேறு ஏதோ உள்ளே வந்திருக்கிறது என்றுதான் பொருள்.

நம்பிக்கை: சாவியைத் திருப்பி அணைத்ததும் பெட்ரோலும் நின்றுவிடும்.

உண்மை: சாவி நிறுத்துவது மின்சாரத்தை. கார்ப்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் தன் எடையால் கீழே இறங்குகிறது. அதைத் தடுப்பது கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் மிதவையும் ஊசியும்தான். மொட்டைமாடித் தொட்டியின் மிதவை வால்வைப் போலவே, மட்டம் ஏறியதும் மிதவை எழும்பி ஊசியால் வழியை அடைக்கும். ஊசி முனை தேய்ந்தாலோ, துளி மண் சிக்கினாலோ, மிதவையில் ஓட்டை விழுந்தாலோ அடைப்பு முழுமையாகாது. வண்டி சாய்ந்து நிற்கும்போது மட்டமும் மாறும். அதனால் நிறுத்தியதும் டேப்பை மூடுவதுதான் காவல். சில வண்டிகளில் தானாக மூடும் வாக்குவம் டேப் உண்டு. அதன் உள்சவ்வு கிழிந்தால் அந்த வழியாகவே பெட்ரோல் இன்ஜினுக்குப் போய்விடும்.

நம்பிக்கை: ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால் அடைத்துவிடலாம்.

உண்மை: அந்தக் குழாய் இருப்பதே மிஞ்சிய பெட்ரோலைத் தரைக்கு அனுப்பத்தான். குச்சியையோ ஸ்குரூவையோ செருகி அடைத்தால், பெட்ரோல் மேலேறி சிலிண்டருக்குள் இறங்கும். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுக்கைவசம். கார்ப்பரேட்டர் அதற்கு மேலே. வழிய வசதியான அமைப்பு. மேலே டேங்கில் 10 லிட்டர் வரை பெட்ரோல், கீழே ஆயிலோ ஏறக்குறைய 1 லிட்டர்தான். ராத்திரி முழுக்கக் கசிந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம்பிக்கை: பெட்ரோல் ஆயிலில் இறங்கினால் ரிங் போய்விட்டது, போர் பண்ணியே ஆக வேண்டும்.

உண்மை: பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே புது இன்ஜினிலும் சிறு இடைவெளி இருக்கும். சிலிண்டரில் தேங்கிய பெட்ரோல் அந்த வழியே கீழே இறங்கிவிடும். வெறும் கசிவை வைத்து இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். முதலில் ஊசி, அது உட்காரும் இருக்கை, மிதவையின் உயரம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் குறைவாகவும் இருந்தால்தான் ரிங் பேச்சு.

நம்பிக்கை: ஓட்டினால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும்.

உண்மை: மிகச் சிறிய அளவு ஆவியாகும். ஸ்டிக்கில் மட்டம் ஏறுகிற அளவுக்குக் கலந்திருந்தால் ஸ்டார்ட்டே செய்யக் கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்குக்கும் கேம்ஷாஃப்டுக்கும் காப்பாக நிற்காது. கிக்கர் பாதியில் இறுகி நின்றால் இன்னும் உஷார்: பிஸ்டனுக்கு மேல் பெட்ரோல் நிரம்பியிருக்கலாம். திரவம் அமுங்காது, எகிறி மிதித்தால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். சாவியை ஆஃபில் வைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, திறந்தவெளியில் மெல்ல மிதித்து வெளியேற்ற வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

நம்பிக்கை: ஆயில் மாற்றினால் வேலை முடிந்தது.

உண்மை: ஊசியைச் சரிசெய்யாமல் மாற்றினால் புது ஆயிலும் நாளைக்குக் கெடும். வரிசை இதுதான்: டேப்பை மூடு, கார்ப்பரேட்டரைச் சரிபார், பழைய ஆயிலை முழுக்க வடி, ஃபில்டர் இருந்தால் மாற்று, கையேட்டில் உள்ள அளவுக்குப் புது ஆயில் ஊற்று. மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணுமுன் மட்டத்தைப் பார்.

நம்பிக்கை: கிராங்க்கேஸில் பெட்ரோல் இருந்தால் எல்லா வண்டிக்கும் கோளாறுதான், புது வண்டிக்கு அது வரவே வராது.

உண்மை: இரண்டும் தப்பு. ஆர்எக்ஸ் 100, பழைய டிவிஎஸ் 50 மாதிரி டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோல் கிராங்க்கேஸ் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே கியர் ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால்தான் கோளாறு. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 வந்தபின் பெரும்பாலான வண்டிகள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பம்ப் ஓடாமல் பெட்ரோல் போகாது என்பதால் ஆபத்து குறைவு. ஆனாலும் இன்ஜெக்டர் சரியாக மூடாவிட்டால் கசியும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ஐந்தாறு கிலோமீட்டர் மாதிரிக் குட்டி ஓட்டங்களிலேயே வண்டி ஓடினாலும், இன்ஜின் சூடேறாமல் கொஞ்சம் பெட்ரோல் ஆயிலில் சேரும்.

நம்பிக்கை: வடித்த ஆயில் செயினுக்கு ஆகும்.

உண்மை: பெட்ரோல் கலந்த ஆயில் செயினில் உள்ள கிரீஸைக் கழுவிவிடும், தீப்பிடிக்கவும் செய்யும். ஓடையில் கொட்டினால் அது சிற்றாற்றில் சேர்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணிக்கே போய்விடும். அருவியில் எண்ணெயும் சோப்பும் கூடாது என்கிற ஊர்க்காரர்கள், மூடி போட்ட கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதுதான் முறை. கொடுக்கும்போது பெட்ரோல் கலந்தது என்று சொல்லிவிடுங்கள்.