மூன்றடி புட்

2024 ஜூன் மாதம் பைன்ஹர்ஸ்ட்டில் நடந்த அமெரிக்க ஓப்பன் கோல்ஃபின் கடைசி நாள் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ரோரி மெக்கில்ராயின் முகம் மறந்திருக்காது. 16-ஆவது ஹோலில் இரண்டரை அடி புட், 18-ஆவதில் நாலடிக்கும் சற்றுக் குறைவு. இரண்டுமே விழவில்லை. ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பை பிரைசன் டிஷாம்போவுக்குப் போனது. மெக்கில்ராய்க்கே இந்த நிலை என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடுகிற நமக்குக் குட்டி புட்டின் மேல் நிற்கும்போது கை இறுகுவதில் வியப்பில்லை. அந்த இறுக்கத்தைக் குறைக்க எனக்கு முதலில் உதவியது ஒரு சின்னக் கணக்கு.

கப்பின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்து 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. மெதுவாக உருண்டு வரும் பந்தின் மையம் விளிம்புக்குள் வந்துவிட்டாலே போதும், விழுந்துவிடும். அப்படியானால் சமதளத்தில் மூன்றடியிலிருந்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய 3 டிகிரி வரை திசை பிசகலாம். பத்தடியில் அந்தச் சலுகை 1 டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. மூன்றடி புட் நமக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று மனசுக்குப் புரிந்தாலே பிடி தளரும். ஒரு எச்சரிக்கை: பந்து வேகமாக வந்தால் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடிவிடும். வேகம் கூடக் கூட கப் சிறியதாகிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் புட்டரின் முகமே தீர்மானிக்கிறது. பந்தைத் தொடும் கணத்தில் அது எங்கே பார்க்கிறதோ அங்கேதான் பந்து போகும். புட்டர் நேர்கோட்டில் போய் வருகிறதா, லேசாக வளைந்து வருகிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இது தெரிந்த பிறகு வளைவைப் பற்றிய கவலையையே விட்டுவிட்டேன். பயிற்சி முழுவதையும் முகத்துக்கே கொடுத்தேன். அதற்கு மைதானம்கூடத் தேவையில்லை. வீட்டு ஹாலில் பதித்த டைல்ஸ் போதும். இரண்டு டைல் கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் புட்டரை வையுங்கள். முகம் குறுக்குக் கோட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். எதிரே ஓடும் கோடுதான் லைன். பந்து இல்லாமல், ஒரு சாண் பின்னால் இழுத்துத் திரும்பக் கொண்டுவந்து குறுக்குக் கோட்டிலேயே நிறுத்துங்கள். குனிந்து பாருங்கள். முகத்தின் ஒரு முனை கோட்டைத் தாண்டியிருக்கும், மறுமுனை பின்தங்கியிருக்கும். எந்த முனை என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்களுடையது எதுவென்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கண் இருக்கும் இடத்தையும் சரிபாருங்கள்: நின்ற நிலையில் மூக்குத்தண்டிலிருந்து ஒரு பந்தை நழுவவிட்டால், அது கீழே இருக்கும் பந்தின் மேலோ, அதற்குச் சற்று உள்பக்கமோ விழ வேண்டும். வெளியே விழுந்தால், பார்க்கிற கோடே தப்பு.

முகத்தைத் திருப்பிவிடுகிற முதல் குற்றவாளி தலை. பந்து விழுகிறதா என்று பார்க்கும் ஆசையில் தலை திரும்பும், கூடவே தோள் திறக்கும், புட்டரின் முகமும் இழுபடும். எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடத்தைச் சொன்னவர் ஒரு கேடி. "சார், அடிச்சிட்டு கப்பைப் பாக்காதீங்க. காதைக் குடுங்க, போதும்" என்றார். பயிற்சிக் கிரீனில் பந்துக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அடித்துப் பழகினேன். பந்து போன பிறகும் கண் நாணயத்திலேயே இருக்க வேண்டும். கப்புக்குள் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர வேண்டும். ஜோர்டன் ஸ்பீத் குட்டி புட்களில் கப்பைப் பார்த்துக்கொண்டே அடித்து ஜெயித்தவர். அதிலும் தலை அசையாது என்பதைக் கவனியுங்கள்.

வேகத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. விழாத பந்து கப்பைத் தாண்டி 17 அங்குலம் போகிற வேகமே சரியென்று புட்டிங் பயிற்சியாளர் டேவ் பெல்ஸ் சோதித்துச் சொன்னார். சென்னையின் பெர்முடா புல் கிரீன்களில், மேட்டைப் பார்த்து அடிக்கும்போது அது எனக்குப் பொருந்துகிறது. இறக்கத்திலோ அது அதிகம். அங்கே பந்து விளிம்பில் வந்து சாகிற வேகம் போதும். பெர்முடாவில் புல் சாய்ந்திருக்கும் திசையையும் பார்த்தாக வேண்டும். கப்புக்குப் பக்கத்தில் போய் விளிம்பைப் பாருங்கள். ஒரு பாதி கூர்மையாக இருக்கும். மறுபாதி பிய்ந்து பழுப்பேறியிருக்கும். புல் சாய்வது பழுப்புப் பக்கம். பந்தும் கொஞ்சம் அந்தப் பக்கமே சாயும். "லெஃப்ட் எட்ஜ் சார்" என்று கேடி சொல்வது பல சமயம் இதைப் பார்த்துத்தான்.

லைனைப் பார்த்து நின்ற பிறகு கவனம் சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை. 1970-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பனின் 18-ஆவது கிரீனில் டக் சாண்டர்ஸ் சுமார் மூன்றடி புட்டைப் போட்டால் சாம்பியன். லைனில் ஏதோ துரும்பு கிடப்பதாகத் தோன்ற, கால்களை நகர்த்தாமலே குனிந்து அதை எடுக்கப் பார்த்தார். விலகிப்போய் மறுபடி ஆரம்பிக்காமல் அப்படியே அடித்தார். பந்து வலப்பக்கம் போய்விட்டது. மறுநாள் பிளே-ஆஃபில் ஜாக் நிக்லஸ் ஜெயித்தார். அதனால் நடுவில் மொபைல் மணி அடித்தாலும், காக்கா கத்தினாலும் நான் பந்தை விட்டு விலகி, பின்னால் போய், லைனை முதலிலிருந்து பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

இன்னொரு வேண்டுகோள். நண்பர்கள் "எடுத்துக்கோங்க" என்று கிம்மி கொடுத்தால், நன்றி சொல்லிவிட்டு, பின்னால் வருகிறவர்களைக் காக்கவைக்காத வரையில், அந்த இரண்டடியையும் அடித்தே முடியுங்கள். ஸ்ட்ரோக் பிளே போட்டியில் யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. மாதாந்திர மெடல் நாளன்று அந்த இரண்டடியின் முன் முதன்முறையாக நிற்கிற நிலை உங்களுக்கு வர வேண்டாம்.