இடம்பெயர்ந்த வீடுகள்

நுழையும்முன்

பழங்கால வாழ்க்கையை நூலில் படிக்கலாம், படத்தில் காணலாம். அவ்வாழ்க்கை நடந்த வீட்டிற்குள்ளேயே சென்று, திண்ணையில் அமர்ந்து, அடுக்களையை எட்டிப் பார்க்கவும் வழி உண்டு. சென்னைக்கு அருகில் அத்தகைய ஓரிடம் இருக்கிறது. கேரளத்து வீடுகளும் தமிழகத்து வீடுகளும் அங்கே ஒரே வளாகத்தில் நிற்கின்றன.

ஜப்பான் நாட்டில் நிக்கோ என்னும் ஊருக்கு அருகே ஒரு பழைய நகரம் இருக்கிறது. பழைய நகரம் என்று சொன்னாலும் அது திறக்கப்பட்டது 1986ஆம் ஆண்டில்தான். டோக்கியோவின் பழம்பெயர் எடோ. 1603 முதல் 1868 வரையிலான காலத்தை எடோ காலம் என்பர். அக்காலத்து மக்கள் எவ்வாறு உடுத்தனர், எவ்வாறு கடைவீதியில் நடந்தனர் என்பதை இந்நகரம் நடித்துக் காட்டுகிறது. காண வருவோர் கிமோனோ உடையை வாடகைக்குப் பெற்று அணிந்துகொள்ளலாம். சாமுராய் வீரர் வேடம் பூண்டோர் தெருவில் எதிர்ப்படுவர். குழந்தைகளுக்கு அது திருவிழா போன்ற நாள். ஆயினும் அங்குள்ள வீடுகளில் எடோ காலத்து மனிதர் எவரும் உறங்கியதில்லை. அவை நம் காலத்தில் கட்டப்பட்டவை.

அதே நாட்டில் இனுயாமா என்னும் ஊரருகே மெய்ஜி முரா என்னும் மற்றோர் இடம் 1965இல் திறக்கப்பட்டது. அங்குள்ள கட்டடங்கள் பல இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட உண்மையான பழங்கட்டடங்கள். டோக்கியோவில் 1923இல் திறக்கப்பட்ட இம்பீரியல் என்னும் புகழ்பெற்ற விடுதியைப் பின்னாளில் இடிக்க நேர்ந்தபோது, அதன் முகப்பு மண்டபத்தை இங்கே மீண்டும் எழுப்பினர். நிக்கோ நகரம் பொழுதுபோக்குக்கு நல்லது. மெய்ஜி முராவிலோ சற்று நின்று பார்க்கத் தோன்றும். ஏனெனில் அந்தப் படிகளில் முன்பு ஒருவர் உண்மையாகவே கால் வைத்து ஏறியிருக்கிறார்.

பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் முயற்சிக்குப் புகழ்பெற்ற முன்னோடி, ஸ்வீடன் நாட்டில் 1891இல் திறக்கப்பட்ட ஸ்கான்சன் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம். தொழிற்சாலைகள் பெருகிச் சிற்றூர் வாழ்க்கை மறையத் தொடங்கிய காலம் அது.

நம் நாட்டில் அவ்வகையைச் சேர்ந்தது தட்சிணசித்ரா. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு என்னும் ஊரில், பத்து ஏக்கர் நிலத்தில் அது அமைந்துள்ளது. அமெரிக்காவில் பிறந்து, தமிழ்க் குடும்பத்தில் மணம் புரிந்து சென்னையில் வாழ்ந்த கலை வரலாற்றறிஞர் டெபோரா தியாகராஜன் இதனைத் தொடங்கியவர். செட்டிநாட்டுப் பகுதியில் பெரிய வீடுகள் இடிக்கப்பட்டு, தூண்களும் கதவுகளும் தனித்தனியே விலைபோவதை அவர் கண்டார். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அத்தகைய கதவுகள் இன்றும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். 1984இல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு உருவாயிற்று. 1996 டிசம்பர் 14ஆம் நாள் தட்சிணசித்ரா மக்களுக்குத் திறக்கப்பட்டது. தென்னாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 18 வீடுகள் இன்று அங்கே உள்ளன. வளாகத்தின் அமைப்பில் பங்கு கொண்டவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, குறைந்த செலவில் செங்கல் வீடுகள் கட்டிக் கேரள மக்களின் அன்பைப் பெற்ற அதே பேக்கர்தான். அப்பணியைத் தொடர்ந்தவர் பென்னி குரியாக்கோஸ் என்னும் கட்டடக் கலைஞர்.

ஒரு வீட்டை எவ்வாறு ஊர்விட்டு ஊர் கொண்டு வருவது? மரவீடாயின் அது கடினமான செயலாகத் தோன்றினும் இயலக்கூடியதே. கேரளத்துப் பழைய தச்சர்கள் உத்தரத்தையும் தூணையும் கழுக்கோலையும் ஒன்றோடொன்று பொருத்திப் பூட்டினர், இரும்பாணியை நம்பவில்லை. ஆகவே பூட்டிய வரிசைக்கு மாறாக ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கழற்றும்போது துண்டுகளுக்கு அடையாளம் இட்டு வைக்க வேண்டும். இல்லாவிடில் நூற்றுக்கணக்கான மரங்களுள் எது எதனோடு சேரும் என்பது எவருக்கும் விளங்காது. பின் அவற்றை வண்டியில் ஏற்றி வந்து, அவ்வப் பகுதியின் கைவினைஞரைக் கொண்டே மீண்டும் பொருத்துவர். ஆனால் மண்சுவரைக் கழற்ற இயலாது. கிணற்றைக் கொண்டுவர இயலாது. வீட்டின் பின்புறத்துப் பலாமரம் அங்கேயே நின்றுவிடும்.

கோட்டயம் மாவட்டத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு ஒன்று இவ்வளாகத்தில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் பெருமை நெல் அறை. கேரளத்தில் அதனை 'அற' என்பர். தமிழில் நாம் சொல்லும் 'அறை' என்னும் அதே சொல்தான். தமிழர் வீட்டில் குதிர் என்றும் பத்தாயம் என்றும் வழங்குவதில், பத்தாயம் என்னும் சொல் மலையாளத்திலும் அப்படியே உண்டு. மூணாற்றிலோ பாலக்காட்டிலோ வளரும் குழந்தைக்கு இச்சொற்களுள் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிப்பது எளிதன்று. வீடு கட்டிய தச்சருக்கும் அது எளிதாக இருந்திருக்காது. முற்றம் என்றால் இருபுறமும் முற்றம்தான்.

இவ்வீட்டின் கூரை மிகவும் சரிந்தது. இடவப்பாதியில் தொடங்கி வாரக்கணக்கில் கொட்டும் மழைக்காக அமைக்கப்பட்ட சரிவு அது. இன்று அது கடற்கரை வெயிலில் நிற்கிறது. அதன்மேல் இப்போது மிகுதியாகப் பெய்வது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக்கடலிலிருந்து வரும் மழை. வீடு மாறவில்லை; அதன்மேல் பெய்யும் மழை மாறிவிட்டது. இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுப் பகுதியில் முதலில் கண்ணைக் கவர்வது செட்டிநாட்டு வணிகர் வீடு. பருத்த மரத்தூண்கள், நுண்ணிய வேலைப்பாடு கொண்ட கதவு, நீண்ட திண்ணை, உள்ளே முற்றம். செட்டிநாட்டு வீடுகளுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கரு சேர்த்துச் சுவரைக் கண்ணாடிபோல் மெருகேற்றினர். இச்செல்வம் காரைக்குடிப் பக்கத்து வறண்ட மண்ணில் விளைந்ததன்று. ஆண்கள் கப்பலேறிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்று தொழில் நடத்தினர். ஊரில் வீடு எழும்பியது. இரண்டாம் உலகப் போரில் பர்மாத் தொழில் சரிந்தபின், வீடுகளைப் பேணுவதற்குப் பணம் போதவில்லை. வெளியூரில் உழைத்தவரால் எழுந்த வீடு, வெளியூர் வருவாய் நின்றதும் தளர்ந்தது.

அதற்கு மாறாக, நெசவாளர் வீடு சிறியது. அங்கே வீட்டையும் தறியையும் பிரித்துப் பேச இயலாது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் நெய்யும்போதே இணைக்க வேண்டும். அதற்கு நெசவாளரோடு துணையாள் ஒருவர் தேவை. முற்காலத்தில் அத்துணையாள் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோ. தறி அமைத்த வீட்டைக் காண்போர் சேலையின் அழகை வியப்பர். பள்ளிக்குச் செல்லாமல் அந்த இரண்டாம் இருக்கையில் அமர்ந்திருந்த குழந்தையை அருங்காட்சியகத்தில் காண முடியாது. அக்குழந்தையை நாமே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கிரகாரத்து வீடும் அங்கே உண்டு. அதனைக் காணப் பாலக்காட்டு மாணவர் சென்னை வரை செல்ல வேண்டியதில்லை. கல்பாத்தி ஆற்றங்கரையில் அத்தகைய வீடுகள் வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி, இன்றும் மக்கள் வாழும் வீடுகளாகவே நிற்கின்றன. தஞ்சைப் பக்கத்திலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து குடியேறியவர்கள், தாம் விட்டு வந்த தெருவை இங்கே மறுபடி அமைத்துக்கொண்டனர். விசுவநாத சுவாமி கோயில் ஏறத்தாழ 1425ஆம் ஆண்டில் எழுந்தது என்பர். ஐப்பசித் தேரோட்டத்தின்போது அத்தெருவில் மக்கள் திரள்வர். ஆயினும் அத்தெரு எல்லோருக்கும் எப்போதும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் அவ்வழியே நடக்கும் உரிமைக்காக 1920களில் போராட வேண்டியிருந்தது. முட்டுக்காட்டில் நுழைவுச்சீட்டு பெற்ற எவரும் அக்கிரகாரத்து வீட்டின் நடுக்கூடம் வரை செல்லலாம். அந்த வீட்டின் பழைய வாழ்க்கையில் அது இயலாத செயல். பழமையை மீண்டும் அமைப்போர் சிலவற்றை மாற்றியே அமைக்கின்றனர். இம்மாற்றம் நல்ல மாற்றம்.

மூணாற்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன் இவ்வீடுகளையெல்லாம் கண்டபின், தன் வீட்டைப் போன்ற ஒன்றைத் தேடினால் ஏமாற்றம் அடைவான். தேயிலைத் தோட்டத்து லயம் அந்தப் பதினெட்டில் ஒன்று அன்று. ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் குடும்பங்கள். குடும்பத்துக்கு ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்புறம் சிறு வராந்தா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்ணன் தேவன் மலையில் தோட்டங்கள் தொடங்கியபோது, கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து அழைத்து வந்தவர்களுக்காக இத்தகைய குடியிருப்புகள் எழுந்தன. அவற்றில் செதுக்கிய தூண் இல்லை. விற்பதற்குக் கதவும் இல்லை. வீடு தோட்டத்துக்கு உரியது. பணி ஓய்வு பெற்றதும் குடும்பம் அதனை விட்டு வெளியேற வேண்டும். ஒருவர் நாற்பது ஆண்டு வாழ்ந்தும் தமதென்று சொல்ல இயலாத வீட்டை எந்த அருங்காட்சியகம் பெயர்த்துச் செல்லும்?

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, இராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் குழந்தைகள். மீட்புப் பணியாளர் சேற்றிலிருந்து எடுத்த பொருள்களில் பள்ளிப் புத்தகங்களும் இருந்தன.

மூணாற்றில் நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 1905ஆம் ஆண்டைச் சேர்ந்த தேயிலை உருட்டும் பொறியை அங்கே காணலாம். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயிலின் சக்கரமும் உண்டு. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலால், கேரளத்து முதியோர் அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பர். அந்த ரயில் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டு சென்றது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி பெட்டிகள் போடிநாயக்கனூர்ப் பக்கத்து அடிவாரத்துக்கு இறங்கின. டாப் ஸ்டேஷன் என்னும் பெயர் அந்தக் கம்பிவடத்தின் மேல் நிலையத்தைக் குறித்தது என்பதை, அங்கே படம் எடுக்க நிற்கும் சுற்றுலாப் பயணிகள் பலர் அறிவதில்லை.

பொறிகளுக்கு இடையே கருங்கல்லில் செய்த சூரியக் கடிகாரம் ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டின் தென்கோடியில், நாசரேத்தில் இருந்த தொழிற்பள்ளியில் 1913இல் செய்யப்பட்டு மலையேறி வந்தது. கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கங்களிலிருந்து மூணாறு வந்த குடும்பங்கள் பல. பெட்டிமுடியில் இறந்தோருள்ளும் கயத்தாற்றைச் சொந்த ஊராகக் கொண்டவர் பலர் இருந்தனர். நாசரேத்தும் கயத்தாறும் இன்று ஒரே மாவட்டத்து ஊர்கள்.

சொல்லும் பொருளும்

உத்தரம் – கூரையைத் தாங்கும் குறுக்குமரம்
கழுக்கோல் – கூரைச் சரிவில் அமையும் மரச்சட்டம்
குதிர், பத்தாயம் – நெல் சேமிக்கும் கலம்
இடவப்பாதி – கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலம்
கங்காணி – தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்து மேற்பார்த்தவர்
கோர்வை – உடலையும் கரையையும் இணைத்து நெய்யும் முறை

விடை எழுதுக

1. நிக்கோ நகரத்து வீடுகளுக்கும் மெய்ஜி முராவின் கட்டடங்களுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. புதுப்பள்ளி வீட்டின் கூரை மிகவும் சரிந்திருப்பதற்குக் காரணம் என்ன?
3. அருங்காட்சியகத்து வீட்டில் காண இயலாதவை என இப்பாடம் குறிப்பிடுவனவற்றுள் இரண்டினை எழுதுக.
4. லயத்தைத் தட்சிணசித்ராவில் அமைப்பதாயின், அதனுள் எவ்வெப் பொருள்களை வைக்க வேண்டும்? ஏன்?

செயல்பாடு

உங்கள் வீட்டு முதியோரிடம், அவர்களோ அவர்தம் பெற்றோரோ எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக, என்னென்ன பொருள்களை எடுத்துக்கொண்டு இங்கு வந்தனர் எனக் கேட்டறிக. அவர்கள் விட்டு வந்த வீட்டின் அமைப்பை அவர்கள் சொல்லச் சொல்ல வரைக. அறைகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களையே எழுதுக. அச்சொல் தமிழாயினும் மலையாளமாயினும் மாற்ற வேண்டா.