பாதியில் நிற்கும் ரேஸ் கார்: விற்பதா, வைத்து முடிப்பதா? முழுமையான வழிகாட்டி

முல்லைத்தீவுக் கரையிலுள்ள கொக்கிளாயில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. எந்தப் பக்கத்தால் காற்று வந்தாலும் உப்போடுதான் வரும். அந்தக் காற்றில், எனக்குத் தெரிந்த தம்பி ஒருவரின் ஃபோர்ட் லேசர் மூன்று வருடமாகத் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது. இருக்கைகள் கழற்றியாயிற்று. றோல் கேஜ், அதாவது கார் உருண்டால் ஓடுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டு, பாதி ஒட்டியபடி நிற்கிறது. எஞ்சின் தனியே, பழைய ரயர் ஒன்றின் மேல். போன கிழமை கேட்டார்: "அண்ணை, இதை வித்துப்போடட்டோ, இல்லை வைச்சு முடிக்கட்டோ?"

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் "பிறகு பாப்பம்" என்பதும் ஒரு முடிவுதான். நீங்கள் விற்காமல் விட்ட காரைத் துரு வாங்கிக்கொண்டு போகும், காசு தராமல்.

படி 1: எந்தப் போட்டிக்கு என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"ரேஸ் ஓட" என்று எழுதினால் போதாது. நுவரெலியாவில் 1934 முதல் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் தார் வீதியில், நேரத்தை எதிர்த்து ஒவ்வொரு காராக ஓடுவது. அநுராதபுரம் சாலியபுரத்தில் நடக்கும் கஜபா சுப்பர்குரொஸ் மண் பாதையில், பல கார்கள் முட்டிமோதிக்கொண்டு ஓடுவது. ரயர், ஸ்பிரிங், காரின் உயரம் எல்லாமே இரண்டுக்கும் வேறு. வன்னியில் இருப்பவருக்குக் கிட்டத்தில் உள்ளது சாலியபுரம்தான்.

ஃபோர்ட் லேசர்–மஸ்டா, மினி, நிசான் மார்ச் போன்ற வண்டிகளுக்கு இங்கே தனித்தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். உங்கள் கார் எந்தப் பிரிவுக்குள் வரும், எஞ்சினில் எவ்வளவு கைவைக்கலாம் என்பதை அமைப்பாளரின் விதிகளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். போட்டியின் பெயரையும் பிரிவையும் எழுத முடியவில்லையென்றால், உங்களிடம் இருப்பது ஆசை மட்டும். தராசு விற்கும் பக்கம் சாய்கிறது.

படி 2: பதிவுப் புத்தகத்தைத் தேடுங்கள்

கொக்கிளாய்ச் சனம் 1984இல் ஊரைவிட்டு எழும்பி, போர் முடிந்த பிறகே திரும்பியது. வன்னி முழுக்க இதே கதைதான். இடம்பெயரும்போது வாகனம் ஓரிடத்திலும் புத்தகம் ஓரிடத்திலும் போன குடும்பங்கள் ஏராளம். ஆகவே பழைய கார் என்றால் முதல் வேலை, பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு ஒப்பிடுவது. துருவைத் துடைத்துவிட்டு, டோர்ச் அடித்து, ஒவ்வொரு எழுத்தாக வாசியுங்கள்.

எஞ்சின் மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அது பதிவாகியிருக்கவேண்டும். புத்தகமே இல்லையென்றால் கார் என்று அதை விற்க நினைக்காதீர்கள், பாகங்களாகத்தான் விலைபோகும். வாங்குபவரிடம் இதை மறைக்கவும் வேண்டாம்.

படி 3: துருவைக் கையால் பாருங்கள்

பெயின்ரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு ஸ்குரூட்ரைவரை எடுத்து, கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பொடிப் பகுதியை அதன் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். "டங்" என்று கேட்டால் தகடு இருக்கிறது. "சொத்" என்று கேட்கும் இடத்தில் முனையால் அழுத்துங்கள், உள்ளே போனால் அங்கே தகடு இல்லை, பெயின்ரும் பட்டியும்தான். பிறகு முன் ஷொக் அப்சோபர்களின் மேல்நுனி பொடியோடு சேரும் இடம், றோல் கேஜின் கால்கள் தரையில் ஒட்டப்பட்ட இடம் இரண்டையும் பாருங்கள். ஒட்டிவிட்டுப் பெயின்ர் அடிக்காமல் விட்ட இடத்தில்தான் உப்பு முதலில் குந்தும்.

எங்கள் கடற்றொழிலாளர்கள் கரைக்கு வந்ததும் வெளியிணைப்பு எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுகிறார்கள். களைப்பு என்று ஒருநாளும் விடமாட்டார்கள். காருக்கு நாங்கள் அதைச் செய்வதில்லை. பொடியின் வெளித் தகடு மட்டும் அரித்திருந்தால் ஒட்டிச் சரிசெய்யலாம். மேலே சொன்ன பாரம் தாங்கும் இடங்கள் அரித்திருந்தால் அந்தப் பொடியில் மேலும் காசு போடாதீர்கள்.

படி 4: உயிர் காக்கும் சாமான்களின் ஆண்டைப் பாருங்கள்

பாதியில் நிற்கும் காரில் பலரும் மறப்பது இதைத்தான். சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான ஃபியாவின் தரமுள்ள ரேஸ் இருக்கைக்கும் இருக்கை வாருக்கும் காலாவதி உண்டு. 8855-1999 தர இருக்கையின் ஆயுள் 5 ஆண்டு. நீங்கள் கார் ஓடாவிட்டாலும் அந்த ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். றோல் கேஜின் பிரதான வளைவுக்கு ஃபியா கேட்பது 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், அல்லது 50க்கு 2.0 உள்ள, மூட்டில்லாத உருக்குக் குழாய். தண்ணீர்க் குழாயை வளைத்து ஒட்டியிருந்தால் அது கூண்டல்ல, அலங்காரம்.

ஆபத்து ஓடுபவருக்கு மட்டுமல்ல. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் கூண்டிலும் மிச்சம் பிடித்துத்தான் காரை முடிக்கலாம் என்றால், முடிக்காதீர்கள்.

படி 5: போன காசை மறந்து, போகப்போகும் காசை எழுதுங்கள்

"இவ்வளவு போட்டிட்டன், இனி எப்படி விடுறது?" என்பதுதான் பலரைக் கடனுக்குள் தள்ளும் வசனம். போட்டது போட்டதுதான், நீங்கள் முடித்தாலும் விற்றாலும் அது திரும்பாது. எழுதவேண்டியவை மூன்றே தொகைகள்: முடிக்க இன்னும் எவ்வளவு, முடித்தபின் என்ன விலை, இன்று நிற்கிறபடி என்ன விலை.

கணக்குக்கு ஒன்று. முடிக்க 8 இலட்சம், முடித்தால் 15 இலட்சம், இன்று விற்றால் 5 இலட்சம். முடித்தால் மிஞ்சுவது 7, விற்றால் 5. முடிப்பது இலாபம்போலத் தெரியும். ஆனால் கராஜ் வேலை சொன்ன காசில் முடிந்ததை நான் கண்டதில்லை. செலவை ஒன்றரையால் பெருக்குங்கள். 8 இப்போது 12. மிஞ்சுவது 3. விற்பதே மேல்.

இன்றைய விலையைக் கேட்கும்போதும் கவனம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய கார்கள் ஏறிய விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்று பேரம் பேசமுடியாது.

படி 6: சாமான் எங்கே கிடைக்கும்?

கோயம்புத்தூரில் கரிவரதன் என்பவர் 1980களில் ரேஸ் கார்கள் கட்டியபோது, வீதியில் ஓடும் மாருதியின் எஞ்சினையும் பாகங்களையும் பயன்படுத்தினார். உடைந்தால் மறுநாளே சாமான் கிடைக்கவேண்டும் என்றால் அதுதான் வழி. அவர் பெயரால்தான் இன்று அங்கே கரி ஓடுபாதை இருக்கிறது. உங்கள் காருக்கும் அதே அளவுகோல்தான். முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ கிடைக்காத ஒவ்வொரு சாமானுக்கும் கொழும்புக்கு ஒரு பயணச் செலவைச் சேர்த்து எழுதுங்கள்.

படி 7: நடுவில் உள்ள வழிகள்

விற்பதும் வைப்பதும் மட்டுமல்ல. எஞ்சினையும் கியர் பொக்ஸையும் வைத்துக்கொண்டு அரித்த பொடியைக் கொடுத்துவிடலாம். பங்குக்கு ஒருவரைச் சேர்க்கலாம். கரைவலையில் சம்மாட்டிக்கு இவ்வளவு, இழுப்பவருக்கு இவ்வளவு என்று வலை இறங்கும் முன்பே பேசிவிடுவார்களே, அப்படி முன்பே பேசி, காகிதத்திலும் எழுதுங்கள்.

விற்பதென்றால்: கழற்றிய சாமான்களைப் பெட்டிபெட்டியாகப் பெயர் எழுதிக் கட்டுங்கள், ஒட்டுவேலைப் படங்களைக் காட்டுங்கள், உள்ள குறைகளை நீங்களே சொல்லுங்கள். பெயர் தெரியாத சாமான் குவியலைப் பழைய இரும்பு விலைக்குத்தான் கேட்பார்கள்.

வைப்பதென்றால்: இன்றே நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். வெறும் இரும்புக்கு பிரைமர் அடியுங்கள். பிளக் துளைகளால் கொஞ்சம் ஒயில் ஊற்றி, மாதம் ஒருதரம் எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். மண்ணில் விடாமல் கல் அடுக்கி உயர்த்துங்கள். தார்ப்பாயைக் காரோடு ஒட்டிக் கட்டாதீர்கள், காற்றுப் போகாத இடத்தில் ஈரம் நிற்கும்.

கடைசியாக

போட்டியின் பெயர், புத்தகம், அரிக்காத பொடி, ஒன்றரை மடங்கு செலவுக்குக் காசு: இந்த நான்கும் இருந்தால் வைத்து முடியுங்கள். ஒன்று இல்லையென்றால் அதைச் சரிசெய்ய ஒரு திகதி குறியுங்கள். இரண்டு இல்லையென்றால் விற்றுவிடுங்கள். எதுவானாலும் ஐப்பசி மழை இறங்குமுன் முடிவெடுங்கள், இன்னொரு மாரியைத் தார்ப்பாயின் கீழ் கழித்த காருக்கு இன்றைய விலையை யாரும் தரப்போவதில்லை.